சூறாவளிக் காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு உறவுகளிடம் போய்வருவது: முழுமையான வழிகாட்டி

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுவதை நானும் கணவரும் நேரில் பார்த்து ஏழு வருடமாகிறது. தை மாதத்தில் எங்கள் பாய்ப்படகு கரீபியன் கடலில் எங்காவது நங்கூரம் போட்டு நிற்கும். சித்திரை வருடப் பிறப்பும் கடலில்தான். ஆனால் ஆடிப்பிறப்புக் கூழும் நல்லூர்த் திருவிழாவும் கிடைத்துவிடும். காற்று எங்களுக்குப் போட்டுத் தந்த நாட்காட்டி இது. அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டெம்பர் நடுப்பகுதி. அந்த மாதங்களில் படகு கரையில் நிற்க, நாங்கள் மனிதர்களிடம் போகிறோம்.

ஓய்வுபெற்றபின் படகு வாங்கி, குளிர்காலத்தைக் கரீபியனில் கழிக்க நினைக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். பாயை எப்படிக் கட்டுவது, நங்கூரம் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு பருவங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஆறு மாதத்தை எப்படி நடத்துவது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. படகை முதலில் திட்டமிட்டு, மிஞ்சிய நாட்களைக் குடும்பத்துக்குக் கொடுத்தால் குடும்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. முதல் இரண்டு வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். இப்போது குடும்பத்தின் நாட்களை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி படகைத் தூக்குகிறோம்.

படி 1: முதலில் நாட்களை எண்ணுங்கள்

ஜனவரியிலேயே ஒரு காகிதத்தை எடுத்து உட்காருங்கள். எங்கள் உதாரணத்தையே சொல்கிறேன். மகள் குடும்பம் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில், மகன் லண்டனில், அம்மா ஊரில், வல்வெட்டித்துறையில், தம்பி குடும்பத்தோடு. மூன்று நாடு, ஆறு மாதம், தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும்.

போதாது. எங்களுக்கு இருக்கும் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்பீட்டைத் தக்கவைக்க, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதில் 153 நாள் நீங்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை மொத்தமே 183 நாள். 153 போக மிச்சம் 30. படகைக் கழுவிப் பூட்டவும், திரும்பி வந்து வேலை பார்க்கவும் மூன்று கிழமை போய்விடும். அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒன்பது நாள்தான் எஞ்சும். அறுபது வயதை நெருங்கும் இருவர் மருத்துவக் காப்பீட்டை விளையாட்டாக எடுக்க முடியாது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் மே மாதப் பாய் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தோம். மே மாதம் கரீபியனில் மிக இதமான மாதம். காற்று மென்மையாக இருக்கும், நங்கூரத் தளங்களில் கூட்டம் குறையும். மனம் வராமல்தான் விட்டோம். இப்போது ஏப்ரல் 25 அளவில் கனடா வந்துவிடுகிறோம், நவம்பர் 10 அளவில் திரும்புகிறோம். அது 200 நாள். 153 ஒன்ராறியோவுக்கு, 47 ஊருக்கும் லண்டனுக்கும். படகைக் கரையில் நிறுத்திவைக்கும் யார்ட்டின் வாடகை ஒரு மாதம் கூடுதலாகிறது. அம்மாவோடு ஒரு மாதம் இருப்பதற்கு அந்தக் காசு பெரிதில்லை.

கனடாவில் வருமான வரிப் படிவம் கொடுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 30 என்பதையும் இதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படகைத் தூக்கும் அமளியில் மறந்துபோகும் நாள் அதுதான். நீண்ட காலம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் மருத்துவக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கவும் வழி உண்டு. போகும் முன் கேட்க வேண்டும், வந்த பிறகு அல்ல. வேறு மாகாணத்திலோ நாட்டிலோ இருப்பவர்களுக்கு எண்கள் மாறும், ஆனால் இதே போன்ற ஒரு எண் எங்காவது இருக்கும். அதை முதலில் தேடிப் பிடியுங்கள்.

பிறகு குடும்பத்தின் நிலையான நாட்களைக் குறியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஜூலைக் கடைசிக்கும் செப்டெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் வருடத்துக்கு வருடம் நகரும். ஸ்காபரோவில் கல்யாணங்கள் பெரும்பாலும் கோடையில். பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதும். எல்லாவற்றுக்கும் போக முடியாது என்பதை ஜனவரியிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. ஜூலையில் சொன்னால் கோபிப்பார்கள்.

படி 2: படகு எங்கே நிற்கும்?

இதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, உங்கள் காப்புறுதி ஆவணம். அதில் ஓர் அகலாங்கு எழுதியிருக்கும்: புயல் காலத்தில் படகு அதற்குத் தெற்கே இருக்க வேண்டும். ‘பெயரிடப்பட்ட புயல்’ என்ற பகுதியையும் தேடிப் படியுங்கள். அந்தச் சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை பல ஆவணங்களில் சாதாரணச் சேதத்தைவிடக் கூடுதல். கரையில் நிற்கும் படகை நிலத்தோடு பட்டி போட்டு இழுத்துக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம்.

கிழக்குக் கரீபியனில் பெரும்பாலும் மூன்று தெரிவுகள்.

கிரெனடா, 12 பாகை வடக்கு. ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் உண்டு, லண்டனுக்கும் போகலாம், தெற்குக் கரையில் நல்ல யார்ட்டுகள். எங்கள் தெரிவு இதுதான். ஆனால் ‘கிரெனடாவுக்குப் புயல் வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2004 செப்டெம்பர் 7-ம் தேதி ஐவன் சூறாவளி அந்தத் தீவை உருக்குலைத்தது. அடுத்த வருடமே ஜூலையில் எமிலி வந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி பெரில், கிரெனடாவுக்குச் சொந்தமான கரியாக்குத் தீவில் நான்காம் நிலைச் சூறாவளியாகக் கரை ஏறியது. பாதுகாப்பு என்று நம்பிக் கண்டல் காட்டுக்குள் கட்டி வைத்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அங்கிருந்து முப்பது கடல்மைல் சொச்சம் தள்ளி, கிரெனடாவின் தெற்குக் கரையில் நின்ற படகுகள் பெரும்பாலும் தப்பின. பெரில் வந்தது பருவம் தொடங்கிச் சரியாக ஒரு மாதத்தில். ‘ஜூலைக் கடைசியில் தூக்கலாம்’ என்று ஆற அமர இருந்தவர்களுக்கு அது பெரிய பாடம்.

ட்ரினிடாட், பத்தரைப் பாகை அளவில். இன்னும் தெற்கு, இன்னும் பாதுகாப்பு. சகுவாரமாஸ் என்ற இடத்தில் யார்ட்டுகள் வரிசையாக உண்டு. தச்சு, வெல்டிங், இயந்திர வேலைக்குத் தேர்ந்த கைகள் கிடைக்கும். பெரிய பழுது பார்க்க வேண்டியிருந்தால் அங்கே போங்கள். கிரெனடாவிலிருந்து 80 கடல்மைல் சொச்சம், ஓர் இரவுப் பயணம். அந்த வழியில் கடற்கொள்ளை நடந்திருப்பதால், புறப்படும் நேரத்தையும் பாதையையும் கரையோரக் காவற்படைக்குத் தெரிவித்துவிட்டு, இன்னொரு படகோடு சேர்ந்து போவதுதான் நல்லது.

கியூரசாவ், பொனேர். வறண்ட காற்று, அதனால் படகுக்குள் பூஞ்சணம் குறைவு. ஆனால் மேற்கே தள்ளி இருக்கின்றன. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது ஏறத்தாழ 400 கடல்மைல் எதிர்க்காற்றில் ஏற வேண்டும். அந்தக் கடல் இருவரில் ஒருவருக்காவது வெறுத்துப்போகும்.

எதைத் தெரிந்தாலும் யார்ட்டில் இடத்தை டிசம்பர், ஜனவரியிலேயே பதிந்துவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: படகை நிறுத்துவது தாங்கு தொட்டிலிலா, தனித்தனி இரும்பு முட்டுகளிலா? தனி முட்டு என்றால் அவற்றைச் சங்கிலியால் பிணைப்பார்களா? நிலத்தில் கொங்கிரீட் நங்கூரம் புதைத்திருக்கிறார்களா? பக்கத்துப் படகின் பாயைக் கழற்றாமல் விட அனுமதிக்கிறார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். உங்கள் படகு எவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தாலும், அவிழ்ந்து படபடக்கும் பாயோடு பக்கத்துப் படகு சாய்ந்தால் உங்களுடையதும் சேர்ந்து விழும்.

படி 3: கரையேற்றும் கிழமை

பத்து நாள் ஒதுக்குங்கள். ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்து, வியர்வையும் சண்டையுமாக விமானம் ஏறியிருக்கிறோம். கரையில் ஏற்றிய படகுக்குள் கடற்காற்று வராது. மத்தியானம் அடுப்புக்குள் இருப்பது போலிருக்கும். காலை ஆறிலிருந்து பத்து வரை வேலை, பிறகு மாலை நான்குக்குமேல். நடுவில் நிழலைத் தேடிப் போய்விடுங்கள்.

தண்ணீரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை உண்டு. விடியற்காலையில், காற்று எழும்பும் முன், பாய்களை இறக்கி நன்னீரில் அலசிக் காயவைத்து மடியுங்கள். பாய் ஏற்றும் கயிறுகளை மெல்லிய வழிகாட்டிக் கயிறு ஒன்றில் பிணைத்து பாய்மரத்துக்குள் இழுத்துவிட்டால், ஆறு மாத வெயிலில் அவை பொரியாது. டீசல் தாங்கியை நிரப்பிவிடுங்கள்; பாதித் தாங்கியில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும், அதில் பாசி போன்ற ஒன்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தால், அதன் சவ்வு அழுகாமல் இருக்கத் தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்புக் கரைசலை ஏற்றிவையுங்கள்.

ட்ராவல் லிஃப்ட் என்ற நகரும் பாரந்தூக்கி படகைத் தூக்கும்போது இருவரில் ஒருவர் கரையில் நின்று, பட்டிகள் சுக்கானிலோ உந்துசுழலித் தண்டிலோ படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்படாமல் கத்துங்கள். அவர்கள் ஒரு நாளில் ஏழெட்டுப் படகு தூக்குகிறார்கள், உங்களுக்கு இருப்பது ஒன்றுதான். தூக்கியதும் அடிப்பகுதியை அழுத்த நீரால் கழுவிக் கொட்டலசுகளைச் சுரண்டிவிட வேண்டும். காய்ந்தபின் அவை சீமெந்து போல இறுகிவிடும்.

இயந்திரத்துக்குள் நன்னீர் ஓடவிட்டு, குளிரூட்டும் நீரை இழுக்கும் ரப்பர்ச் சுழலியைக் கழற்றி ஒரு பையில் போட்டு, அந்தப் பையைச் சாவியிலேயே கட்டிவிடுங்கள். சாவியைத் தொடும்போது நினைவு வரும். ரப்பர் வள்ளத்தின் வெளி இயந்திரத்தில் பெற்றோல் தீரும் வரை ஓட்டுங்கள். ஈயப் பற்றரி என்றால் முழுக்க ஏற்றி, இணைப்பைக் கழற்றுங்கள். லித்தியம் என்றால் பாதி அளவில் விட்டுக் கழற்றுங்கள். வெயில் மறைப்புத் துணி, காற்றாடி, மேலே கட்டிய எல்லாம் உள்ளே போக வேண்டும். காற்று பிடிக்கக்கூடிய எதுவும் வெளியே இருக்கக் கூடாது.

இப்போது எங்கள் முதல் வருடக் கதை. எல்லாம் சரியாகச் செய்தோம் என்று நினைத்துப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தரைப் பலகைகள் தண்ணீரில் மிதந்தன. படகு தண்ணீரில் இருந்திருந்தால் ஓட்டை என்று சொல்லலாம். அது நின்றது கட்டாந்தரையில்! பின்தளத்தில் மழைநீர் வடியும் இரண்டு துளைகளும் பக்கத்து மரத்தின் இலைகளால் அடைபட்டு, ஆறு மாத மழை தொட்டி போல நிறைந்து உள்ளே இறங்கியிருந்தது. மரத் தரையின் பாதியைக் கழற்றி எறிந்தோம். புயல் படகைக் கவிழ்க்கும் என்று பயந்து போனோம். அழித்தது நாலு இலை. கரையில் நிற்கும் படகுகள் கெட்டுப்போவதற்கு இதுவும் சாதாரணமான ஒரு காரணம்.

அதனால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை படகுக்குள் ஏறிப் பார்த்து, வடிகாலில் கை விட்டுத் துழாவி, படம் எடுத்து அனுப்ப ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்துங்கள். இந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எந்தெந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள்: வடிகால், அடிக்குழி, முட்டுகள், கட்டிய பட்டிகள், அணியத்துப் படுக்கை.

பூச்சிக்கு: மாவு, பருப்பு, தூள் எதையும் விட்டுப் போகாதீர்கள். அட்டைப் பெட்டிகளையும் வெளியேற்றுங்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். மூலைகளில் போறிக் அமிலம் வையுங்கள். படகின் வெளித்துளைகளில் குளவி மண்கூடு கட்டும். சிறு வலைத்துண்டு சொருகிவிடலாம், ஆனால் தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடாமல். பூஞ்சணத்துக்கு வினாகிரியால் சுவர்களைத் துடைத்து, அலுமாரிக் கதவுகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்தபடி விடுங்கள்.

படி 4: கடிதங்கள், முத்திரைகள்

கடல் வழியாக வந்தவர் ஆகாய வழியாகப் போகும்போது குடிவரவில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பெயர் படகின் பணியாளர் பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து முறைப்படி நீக்கிக்கொண்டு போக வேண்டுமா, படகு சுங்கத்தில் எந்த நிலையில் பதிவாக வேண்டும் என்று புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கிரெனடா, சென்ற் லூசியா உட்படப் பல தீவுகள் செயில்கிளியர் என்ற இணையப் பதிவைப் பயன்படுத்துகின்றன. அதிலுள்ள விவரமும் கடவுச்சீட்டில் உள்ள முத்திரையும் ஒத்துப்போக வேண்டும்.

திரும்பி வரும்போது வேறொரு கேள்வி. ஒருவழி ரிக்கற்றோடு விமான நிலையத்தில் நின்றால், ‘வெளியேறும் ரிக்கற் எங்கே’ என்று அங்கேயே நிறுத்துவார்கள். படகின் பதிவுப் பத்திரம், யார்ட்டிடமிருந்து ‘இவர்களின் படகு எங்களிடம் நிற்கிறது, அதில்தான் நாட்டை விட்டுப் போவார்கள்’ என்ற கடிதம், பழைய குடிவரவுப் பத்திரம் ஆகிய மூன்றையும் காகிதத்தில் கொண்டுபோங்கள். ட்ரினிடாட்டில் விட்டுப் போவோருக்கு இந்தக் கடிதம் இன்னும் முக்கியம்.

அதைவிட ட்ரினிடாட்டில் ஒன்று உண்டு. அது மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடம் என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவரைத் தனிமைப்படுத்தலாம். இலங்கையும் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகு வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஒரு ஊசியோடு தீரும் காரியம்.

மற்ற நாடுகள்: கனடியக் கடவுச்சீட்டுக்காரர் பிரித்தானியாவுக்குப் போக 2025 ஜனவரியிலிருந்து இணையவழி முன் அனுமதி வேண்டும். பாரிஸ், சுவிஸ் உறவுகளிடம் போனால் 180 நாளில் 90 என்ற வரம்பு. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சுற்றுலா அனுமதி முதலில் 30 நாள். ஒரு மாதத்துக்குமேல் நிற்க நினைத்தால் நீடிக்க வேண்டும்.

படி 5: பையில் என்ன போகலாம்?

படகுக்காரர் பையைப் பார்த்தால் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆபத்துச் சுடர்கள் எந்த விமானத்திலும் போகாது, படகிலேயே விடுங்கள். தனி லித்தியம் பற்றரிகள் கைப்பையில் மட்டும், சாமான் பையில் அல்ல. 100 வாட் மணிக்குக் கீழே என்றால் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். தானாக ஊதும் உயிர்காப்பு அங்கியின் வாயு உருளைக்கும் முன்கூட்டி அனுமதி கேளுங்கள்.

செய்மதித் தொலைபேசி, செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கைக்கருவி இரண்டையும் படகில் நாம் உயிர் போல வைத்திருப்போம். பழக்கத்தில் கைப்பைக்குள் கிடக்கும். சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: முன் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுசெல்வது சட்டவிரோதம், அதற்காகப் பயணிகள் கைதாகியும் இருக்கிறார்கள். மகள் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்.

போகும்போது கிரெனடாச் சாதிக்காய்த் தூளும் சாதிபத்திரியும் பரிசுக்கு நல்லது. அந்த நாட்டின் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. ஐவன் புயல் அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதியை விழுத்திவிட்டது. மரம் மீண்டும் காய்க்க வருடக்கணக்காகும். அதனால் வாங்கும் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு விவசாயிக்கு உதவி.

படி 6: உறவுகளின் வீட்டில்

படகில் இருவருக்கும் தனி இடம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் அது நம் வீடு. மகள் வீட்டில் நான்கு அறை இருந்தாலும் அது அவளுடைய வீடு. ஆறு மாதம் விருந்தாளியாக இருப்பது யாருக்கும் எளிதில்லை. மருமகனுக்கு நிச்சயமாக இல்லை. முதல் வருடம் தொடர்ந்து பதினொரு கிழமை அங்கேயே நின்றோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் பேரன் “அம்மம்மா, உங்களுக்கு வீடு இல்லையோ?” என்று கேட்டான். அடுத்த வருடத்திலிருந்து பக்கத்துத் தெருவில் ஒரு பேஸ்மென்ற்றை மாத வாடகைக்கு எடுக்கிறோம். மாலையில் நடந்து போய்ச் சாப்பிட்டு, பேரனைத் தூங்கவைத்து, நடந்து திரும்புகிறோம். உறவு எவ்வளவோ இலேசாகிவிட்டது.

வாடகைக்கு வசதி இல்லாதவர்கள் மூன்று கிழமைக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். மச்சாள் வீடு, நண்பர் வீடு, அவர்கள் விடுமுறைக்குப் போகும்போது காலியாகும் வீடு. எங்கே நின்றாலும் ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். அந்த இரண்டு மாதத்தில் அவருக்கும் அவனுக்கும் ஒட்டிய ஒட்டு, ஒளிப்பேச்சில் வருடம் முழுக்கப் பேசினாலும் வராது.

மருத்துவரை முதல் கிழமையிலேயே பதிவு செய்யுங்கள். பல், கண், இரத்தப் பரிசோதனை, ஆறு மாத மருந்துக்குச் சீட்டு. நவம்பருக்கு முந்திய கிழமைக்குத் தள்ளிவைத்தால், பரிசோதனையில் ஏதாவது தெரிந்தாலும் பின்தொடர நேரம் இருக்காது.

ஊருக்குப் போகும் பகுதியை அவசரப்படுத்தாதீர்கள். முன்பெல்லாம் பத்து நாளில் கொழும்பு, யாழ்ப்பாணம், உறவு வீடுகள், கோயில்கள் என்று ஓடிவிட்டு வருவோம். அம்மா ஒரு முறை சொன்னா: “நீங்கள் எல்லாரையும் பார்த்தனீங்கள், என்னைப் பார்க்கேல்லை.” இப்போது உறவினர் சந்திப்பை முதல் ஐந்து நாளில் முடித்துவிட்டு மீதி நாட்களில் எங்கும் போவதில்லை. காலையில் அம்மாவோடு முருங்கையிலை ஆய்வது, பின்னேரம் கடற்கரைக்கு நடப்பது. நாங்கள் எதற்காக இப்படி அலைகிறோம் என்று அம்மா ஒருபோதும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போன ஊர் அது. சோழகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் ஏற்ப மனிதர் போவதும் வருவதும் அவவுக்குப் புதிதில்லை. “எத்தனையாம் தேதி திரும்பி வருவாய்” என்பது மட்டும்தான் அவவின் கேள்வி. அதற்குச் சரியான பதிலை எப்போதும் வைத்திருங்கள்.

வீடியோ அழைப்பைவிட அம்மாவுக்குப் பிடித்தது வரைபடம். படகு இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் இணைப்பைத் தம்பியின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தோம். கடலில் இருக்கும் மாதங்களில் காலையில் தேத்தண்ணீரோடு அந்தப் புள்ளியைப் பார்ப்பா.

பருவத்தின் நடுவில் அழைப்பு வந்தால்

இதை ஒரு படியாக எண்ணவில்லை. எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டியது. எங்கள் இரண்டாம் வருடம், டொபேகோ கீஸ் என்ற சிறு தீவுகளில் பவளத்திட்டுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருந்தோம். ஊர் இல்லை, விமான நிலையம் இல்லை, அலைபேசி விட்டுவிட்டு எடுத்தது. மாமா, கணவரின் அப்பா, காலமாகிவிட்டார் என்ற செய்தி பன்னிரண்டு மணிநேரம் பிந்திக் கிடைத்தது. படகைப் பாதுகாப்பாக விட ஓர் இடம் தேடிப் பிடித்து, விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். தகனம் முடிந்திருந்தது. கணவர் மூத்த மகன். 31-ம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இருந்தோம், அவ்வளவுதான். அதை இன்றைக்கும் அவர் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு எங்கே நங்கூரம் போட்டாலும் பதிவேட்டில் மூன்று வரி எழுதுகிறோம்: பக்கத்துச் சர்வதேச விமான நிலையம், படகை நாளைக்கே விடக்கூடிய மரீனா, சாவியை வாங்கிக்கொள்ளக்கூடிய ஆள். உதாரணமாக, பெக்வே தீவில் நின்றால் ஒரு மணிநேரச் சொச்சம் ஃபெரியில் சென்ற் வின்சென்ற், அங்கே ஆர்கைல் விமான நிலையம். மார்ட்டினிக்கில் லு மாரன் மரீனாவில் படகை விட்டுவிட்டு வாடகைக் காரில் விமான நிலையம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்த பருவத்தில், விமான நிலையத்திலிருந்து ஒரு நாளுக்குமேல் தள்ளிப் போவதே இல்லை. இருவருக்கும் போய்வரக் காணும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பழுது பார்க்கக்கூட அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

படி 7: தொலைவிலிருந்து

மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி நிலையம் ஒரு நாளைக்கு நான்கு தடவை அறிக்கை வெளியிடுகிறது. ஏழு நாள் முன்னோக்கிய வரைபடத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள், போதும். ஆபிரிக்கக் கரையில் தோன்றும் ஒவ்வொரு மஞ்சள் வட்டத்துக்கும் நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. ஸ்காபரோவில் இருந்துகொண்டு படகுக்கு எதுவும் செய்ய முடியாது. செய்யக்கூடியதெல்லாம் மூன்றாம் படியில் முடிந்துவிட்டது. சிவப்பு வட்டம் கிரெனடாவை நோக்கித் திரும்பினால் மட்டும், படகைப் பார்க்கும் ஆளுக்கு ஒரு செய்தி: பட்டிகளை இறுக்கி, வடிகாலைப் பார்த்து, படம் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 8: திரும்பிப் போய் இறக்குவது

நவம்பர் 10 அளவில் போகிறோம் என்றேன். உடனே இறக்க அல்ல. 1999 நவம்பர் நடுவில் லெனி என்ற சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. அமைதியானவை என்று எல்லாரும் நம்பிய மேற்குக் கரைகள் கிரெனடா வரை அலையில் அடிபட்டன. நவம்பரும் புயல் காலம்தான். இரண்டு மூன்று கிழமை கரையிலேயே நின்று அடிப்பூச்சு அடித்து, கழற்றியதை எல்லாம் மாட்டி, மாதக் கடைசியில் இறக்குங்கள்.

கனடாவிலிருந்து உதிரிப்பாகம் கொண்டுவந்தால் பற்றுச்சீட்டைக் கையிலேயே வைத்திருந்து, பயணத்தில் இருக்கும் படகுக்கானது என்று சுங்கத்தில் நீங்களாகவே சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அந்தத் தீவில் அடுத்த ஆறு வருடமும் உங்கள் பை திறக்கப்படும்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் பட்டிகளைக் கழற்ற விடாதீர்கள். தொங்கிய நிலையிலேயே உள்ளே போய் ஒவ்வொரு அடித்துளை வால்வையும், உந்துசுழலித் தண்டு நுழையும் இடத்தையும் கைவிளக்கோடு பாருங்கள். சாவியில் கட்டிய ரப்பர்ச் சுழலியை மாட்டினீர்களா? இயந்திரத்தை ஓடவிட்டு, பின்னால் நீர் துப்புகிறதா என்று பார்த்த பிறகே கையசையுங்கள். முதல் நான்கைந்து நாள் பக்கத்துக் குடாக்களிலேயே நில்லுங்கள். வடக்கே கரியாக்குவுக்குப் போகும்போது, கிரெனடாவுக்கு எட்டுக் கிலோமீற்றர் வடக்கே கடலுக்கடியில் இருக்கும் கிக்கெம் ஜென்னி எரிமலையைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் விலகிப் போக வேண்டும். எச்சரிக்கை நிலை உயர்ந்திருந்தால் ஐந்து. கிளம்பும் நாளில் அந்த நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை சமையற்கட்டில். அம்மா வறுத்து அரைப்பித்துத் தந்த தூளை ஆறு மாதத்துக்கு ஆறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் அடைத்து, ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயரை எழுதி, படகின் மிக அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வையுங்கள். அங்கேதான் சூடு குறைவு. ஏப்ரல் என்று எழுதிய பொட்டலம் எங்கள் படகில் எப்போதும் பாதியோடுதான் மிஞ்சும், ஏனென்றால் அதற்குள் புறப்பட்டுவிடுவோம்.